‘இப்போது’ என்னும் பொய்

வாருங்கள், வாசகரே. சாட்சிக்கூண்டு காலியாகக் கிடக்கிறது, ஏறி நில்லுங்கள். கொலை நடக்கவில்லை. கொள்ளை நடக்கவில்லை. ஒரு சொல் நடந்திருக்கிறது. நாலே எழுத்து. உள்ளங்கை இரண்டு அகலமுள்ள கண்ணாடித் திரையின் மூலையில், பச்சை நிறத்தில், ‘இப்போது’ என்று அது ஒளிர்ந்தது. அதை நம்பி ஒரு பெண் தன் விமானத்தை மேகத்துக்குள் செலுத்தினாள்.

இன்று காலை அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, “தவறு முழுவதும் என்னுடையது” என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறார்கள். சொன்னால் பிடித்துவைத்த லைசென்ஸ் கைக்கு வரும். மறுத்தால் வராது. ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்கு விடுதலை. அது வழக்கம்போல் எல்லாச் சிறு விமானங்களிலும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அது சிரிக்கும் திரைகளுள் ஒன்று அவளுடைய உடன்பிறந்த தம்பியின் தொடையில் வார்போட்டுக் கட்டியிருக்கிறது. அவன் இன்று பிற்பகல் பறக்க வேண்டும்.

இதுதான் வழக்கு. இனி ஆட்களைப் பாருங்கள்.

அந்த விமானத்திடலில் அவளுக்கு ‘அக்கா’ என்பதே பெயர். வண்டி கழுவுகிறவரும் அக்கா என்பார், எரிபொருள் நிரப்புகிறவரும் அக்கா என்பார், அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்கரும் கூச்சமில்லாமல் அக்கா என்பார். உண்மையில் அப்படி அழைக்க உரிமையுள்ளவன் ஒருவன்தான். அவனும் அங்கேயே விமானி. இருவரையும் வேலைக்கு வைத்திருந்தவர் அவர்களுடைய தாய்மாமன். நாலு சிறு விமானங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கண்ணாடி அறை, இவைதாம் மாமாவின் சாம்ராஜ்யம். பெரிய விமானங்கள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு மருந்து, தபால், அவசரக்காரர் என்று எதையும் ஏற்றிச்சென்று இறக்குவது தொழில்.

முன்பெல்லாம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கிளம்புமுன் விமானி வானிலை அலுவலகத்தை ரேடியோவில் கூப்பிடுவார். வழியிலும் கூப்பிடுவார். “மழை எங்க இருக்கு, எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்பார். அலுவலகத்தில் இருப்பவர் சோம்பல் முறிக்கும் ஓசைகூடக் கேட்கும். ஆனாலும் பதில் வரும். பிறகு அந்தக் கருவி வந்தது.

சோப்புக்கட்டி அளவில் ஒரு ரிசீவர். அதை ரப்பர்க் கிண்ணத்தால் பக்கக் கண்ணாடியில் ஒட்டவைக்க வேண்டும். தரையிலுள்ள கம்பங்கள் ஒலிபரப்பும் மழைப்படத்தை அது வானத்தில் பிடித்து, விமானியின் தொடைமேல் இருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பும். தூறல் பச்சை, மழை மஞ்சள், போகக்கூடாத இடம் சிவப்பு. நடுவே பொம்மை விமானமாக நீங்கள். வெயில் ஏறினால் டேப்லெட்டுக்குச் சூடு தாங்காது. “குளிர்ந்த பிறகு வருகிறேன்” என்று முகத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளும். ரப்பர்க் கிண்ணம் அவ்வப்போது பிடி விட்டு மடியில் விழும். ஆயினும் மாமா அதைக் கண்டு மயங்கினார். காரணம், கருவி நிறுவனம் நாலு விமானத்துக்கும் அதை இனாமாகக் கொடுத்தது. பதிலுக்கு மாமா விளம்பரத்துக்கு ஒரு முகம் கொடுத்தார். அந்த முகம் அக்காளுடையது. கொட்டகையின் வாசலில் ஆளுயரத்தில் அவள் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைக்குமேல், ‘வானத்தின் கண் உங்கள் கையில்’.

கண் கைக்கு வந்தபின் வாய்க்கு என்ன வேலை? “ரேடியோல கத்திக்கிட்டு இருக்காதீங்க, பயணிங்க பயப்படுறாங்க” என்றார் மாமா. விமானிகள் கேட்பதை விட்டார்கள். பார்க்கத் தொடங்கினார்கள்.

விபத்து நடந்த நாளில் அவளோடு ஒரே பயணி. ஒரு செவிலி. மடியில் குளிர்ப்பெட்டி, பெட்டிக்குள் எதிரூர் மருத்துவமனைக்கான மருந்து. பாதி வழியில், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம்வரை, மேகம் மதில் கட்டி நின்றது. செவிலிதான் முதலில் பேசினாள்.

“மேடம், முன்னால ஒரே கறுப்பா இருக்கே.”

“இருக்கட்டும். இதைப் பாருங்க.” அக்காள் திரையைத் தட்டிக் காட்டினாள். “இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் சிவப்பு. நடுவுல வெள்ளையா ஒரு சந்து. அதுல போயிடலாம்.”

“அந்தச் சந்து இன்னும் இருக்குமா?”

“இப்போதுன்னு போட்டிருக்கே.”

செவிலி எட்டிப் படித்தாள். ஆம், போட்டிருந்தது. அச்சிட்டதை நம்பும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அவளும் நம்பினாள். அக்காளின் கண் ‘போகாதே’ என்றது. திரை ‘போ’ என்றது. கண்ணுக்கு விளம்பரப் பலகை கிடையாது. அவள் போனாள்.

சந்து இல்லை. அது இருந்தது உண்மை, ஆனால் எப்போதோ. மேகம் தன் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரமாகியிருந்தது. காற்று விமானத்தைக் கீழே தள்ளி, மேலே வீசி, பக்கவாட்டில் அறைந்தது. ஆலங்கட்டிகள் முன்கண்ணாடியில் கல்லெறிந்தன. அந்த அமளியிலும் அவள் பார்வை ஒருமுறை தொடைக்குத் தாழ்ந்தது. திரையில் பொம்மை விமானம், மாசுமருவற்ற வெள்ளைச் சந்தில், உலாப் போவதுபோல் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. மூலையில் பச்சை எழுத்து அசையவில்லை.

அவள் தேர்ந்த விமானி. திரும்பினாள், இறக்கினாள், மேகத்துக்கு அடியில் கிடைத்த ஒரு புல்தரையில் விமானத்தைத் தரையிறக்கினாள். முன்சக்கரம் மடங்கிற்று. மூக்கு மண்ணில் குத்திற்று. மருந்துப்பெட்டியை விடாமல் அணைத்திருந்த செவிலிக்குத் தோளையொட்டிய காறை எலும்பு முறிந்தது. வலியில் அவள் திட்டவில்லை. “படத்துல வழி இருக்குன்னீங்களே” என்றாள், குழந்தை கேட்பதுபோல. அந்தக் கேள்விதான் அக்காளைத் தூங்கவிடவில்லை.

அவள் துருவத் தொடங்கினாள். கிடைத்த விடை இது. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், புரியாத வித்தை ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் ரேடார் சுழல்கிறது. வானத்தை அடியிலிருந்து உச்சிவரை அடுக்கடுக்காகப் பார்த்து முடிக்க அதற்கு நேரம் வேண்டும். பார்த்ததைத் தலைமைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி எல்லா ஊர்ப் படமும் வரும்வரை காத்திருந்து, ஒட்டுப்போட்டுத் தைத்து, ஒரே படமாக்கிக் கம்பங்களுக்கு அனுப்புகிறது. கம்பம் ஒலிபரப்ப ரிசீவர் பிடிக்கிறது. இத்தனை படி இறங்கி வருவதற்குள் மேகம் ஊரைத் தாண்டிவிடும். அது குற்றமில்லை, எந்த வேலைக்கும் நேரமாகும். குற்றம் எங்கே என்றால், கருவி நிறுவனம் கடிகாரத்தை ஓடவிடுவது தையல் முடிந்த பிறகு. துணி எப்போது நெய்தது என்று கேட்டால், சட்டை எப்போது தைத்தது என்று பதில் சொல்கிறார்கள். மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதத்தைத் தபால்காரர் தாமதமாகக் கொண்டுவந்து, ‘இப்போது காய்ச்சல்’ என்றால் தாய் எந்தப் பக்கம் ஓடுவாள்? பிள்ளை குணமாகித் தெருவில் விளையாடலாம். அல்லது அதைவிடக் கேடான செய்தியும் இருக்கலாம்.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அவள் பேசினாள். வெகுநேரம் இசை கேட்டாள். பிறகு தேன்குரல் ஒன்று வந்தது.

“உங்க பிரச்சினை என்னங்க மேடம்?”

“இப்போதுங்கிற சொல் பிரச்சினைங்க. அது பொய் சொல்லுது.”

“புரியுது மேடம். டேப்லெட்டை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?”

“கருவி நல்லாத்தான் வேலை செய்யுது. எழுத்துதான் தப்பு. ‘இப்போது’ன்னு இருக்குறதை ‘அப்போது’ன்னு மாத்துங்க. ஒரே ஓர் எழுத்து.”

“சரிங்க மேடம், எழுத்து அளவை மாத்தணும்னா அமைப்புகளுக்குள்ள போங்க.”

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தேன்குரல் மறுபடி அணைத்துப் போடச் சொன்னது. இந்த விதமாகப் பல நாள் கழிந்தது. ஒருமுறை அந்தக் குரல் கனிந்து, “எழுத்தாளரா மேடம் நீங்க?” என்றுகூடக் கேட்டது.

விசாரணைக்கு முந்தைய மாலையில் மாமா அவளைக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். தம்பி முன்பே வந்து நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். சுவரில் ஒரு சின்ன விளம்பரத் தாள். அதிலும் அவள்தான் சிரித்தாள்.

“உக்காரும்மா. நாளைக்கு என்ன சொல்லப் போறே?” என்றார் மாமா.

“நடந்ததை.”

“நடந்ததை அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நீ தப்பு என்னுதுன்னு ஒரு வரி சொன்னா போதும். விசாரணைத் தலைவர் என்கிட்ட பேசிட்டார். லைசென்ஸ் அங்கேயே குடுத்துடுவாங்க.”

“அந்தச் சொல்?”

“எந்தச் சொல்?”

“மாமா, ஆரம்பத்துலேர்ந்து ஒரே சொல்லைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

மாமா நெற்றியைத் தேய்த்தார். “உனக்கு என்ன, அகராதி போடுறவ மாதிரி. ஊர் உலகமே அதைத்தான் வச்சுப் பறக்குது. யாருக்கும் ஆகல, உனக்கு ஆச்சு.”

“ஆனவங்க சொல்ல உசிரோட இல்லாம போயிருக்கலாம்.”

தம்பி நாற்காலியை நேராக்கினான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதே. சொல்லிட்டு வந்துடு. அப்புறம் உள்ளே இருந்துக்கிட்டு சண்டை போடு. வெளியில நின்னு கத்தினா யாரு கேப்பா?”

“உள்ளே போறதுக்கே அந்தப் பொய்யைச் சொல்லணும்னா, உள்ளே போனப்புறம் என் வாய்க்கு என்னடா மரியாதை?”

“சரி தாயே, மேடை போட்டுத் தரேன், பேசு. ஆனா நான் உன்ன மாதிரி இல்ல. படத்தையும் பார்ப்பேன், வெளியிலயும் பார்ப்பேன்.”

“நானும் வெளியில பார்த்தேன்டா. பார்த்துட்டுதான் போனேன்.”

அவன் இருபத்தைந்து வயது நிறைந்த, நல்ல கண்ணுள்ள, நல்ல கையுள்ள பையன். தன் கண்ணைவிடக் கண்ணாடித் திரையை நம்பமாட்டேன் என்று அவன் நினைத்தான். மேகத்துக்குமுன் நிற்கும்வரை எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அக்காள் விடாமல் வாதாடியது அதனால்தான். லைசென்ஸ் அவளுக்குச் சோறு. தம்பி அவளுக்கு ரத்தம்.

இனி விசாரணைக்கு வாருங்கள்.

நீளமேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், தாள் நறுக்கியதுபோல் வெயிலைக் கீற்றுக்கீற்றாக விடும் ஜன்னல் மறைப்பு. நடுவில் விசாரணைத் தலைவர், சாந்தமான முகக்காரர், முகத்தைவிடச் சாந்தமான மனச்சாட்சி உடையவர். ஓரத்தில் குறிப்பெழுதும் எழுத்தர். எதிரே கருவி நிறுவனத்தின் பொறியாளர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். கைக்கட்டோடு செவிலி சாட்சியாக வந்திருந்தாள். வெளியே காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. விசாரணை தொடங்கியதும் கூரை அதிர மழை கொட்டிற்று.

செவிலியைத் தலைவர் ஒரே கேள்வி கேட்டார். “விமானி பதற்றமா இருந்தாங்களா?”

“இல்லைங்க. தைரியமா இருந்தாங்க. படத்துல—”

“போதும்மா. உக்காருங்க.”

பிறகு பொறியாளர் புத்தம்புதிய டேப்லெட் ஒன்றை எடுத்து, ரிசீவரை ஜன்னலில் ஒட்டவைத்தார். விமானத்திடலின் கம்பம் பக்கத்திலேயே இருந்ததால் படம் உடனே வந்தது. அதன் துல்லியம், வேகம், நிறம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடிவதற்குள் மழை நின்றுவிட்டது. மறைப்பின் கீற்றுகள் வழியே வெயில் வந்து மேசைமேல் வரிவரியாக விழுந்தது. அக்காள் ஜன்னலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

“ஐயா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?” என்றாள் தலைவரிடம்.

“கேளுங்கம்மா.”

அவள் பொறியாளர் பக்கம் திரும்பினாள். “படத்துல நாம உக்காந்திருக்கிற இடம் எதுங்க?”

“இந்தப் புள்ளி, மேடம்.”

“அதுமேல என்ன நிறம்?”

“சிவப்பு.”

“சிவப்புன்னா?”

“கனமழை.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிற்று.

“மூலையில என்ன எழுதியிருக்கு? படிங்க.”

அவர் படிக்கவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாமே குனிந்து படித்தார். “இப்போது.”

“ஐயா, அந்த மறைப்பைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க.”

எழுத்தர் எழுந்து கயிற்றை இழுத்தார். வெயில் அறைக்குள் கொட்டியது. தரை நனைந்திருந்தது, வானம் தெளிந்திருந்தது. எழுத்தர் சிரிப்பை அடக்கக் குறிப்பேட்டுக்குள் குனிந்தார். தலைவரே சிரித்துவிட்டார். “நல்ல வேளை, குடை கொண்டாரலை நான்” என்றார்.

ஒரு நொடி அவள் நம்பினாள். நம்புங்கள், வாசகரே, நானும் நம்பியிருப்பேன். கண்ணெதிரே பொய் கைவிலங்கோடு நின்றது. இதற்குமேல் யாருக்கு என்ன சான்று வேண்டும்?

பொறியாளர் தொண்டையைச் செருமினார். “இப்போதுங்கிறது படம் ரெடியான நேரத்தைக் குறிக்குதுங்க. மழையோட நேரத்தை இல்ல. கையேட்டுல இருக்கு.”

“எங்க இருக்கு?”

“பின்னால, பின்னிணைப்புல.”

“மேகத்துக்குள்ள போறப்ப பின்னிணைப்பைப் புரட்டவா?”

“மேடம், ஆலோசனைக்கு மட்டும்னு தெளிவா சொல்லியிருக்கோம். இன்னொண்ணும் சொல்லணும். இது விமானத்தோட பாகமே இல்ல. திருகாணி போட்டு மாட்டினது கிடையாது. விமானி கையில கொண்டுபோற சாமான். இந்தத் தண்ணி பாட்டில் மாதிரி. தண்ணி பாட்டிலுக்கு யாராவது விசாரணை வைப்பாங்களா?”

கேட்டீர்களா, வாசகரே? விற்கும்போது அது வானத்தின் கண். விசாரணையில் அது தண்ணீர்ப் பாட்டில். கொட்டகை வாசலில் ஆளுயர விளம்பரம். சட்டத்தின் வாசலில் அட்ரஸ் இல்லாத அநாதை. கையில் எடுத்துப்போவது என்ற ஒரே காரணத்தால் அதற்கு ஆய்வில்லை, முத்திரையில்லை, கேள்வியில்லை. ஒரு திருகாணியின் இடைவெளியில் ஒரு நிறுவனமே தப்பித்துப் போகிறது.

“சிரிச்சாச்சு. விஷயத்துக்கு வருவோம்” என்றார் தலைவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “அவர் சொல்றது விதிப்படி சரிதாம்மா. இந்த விசாரணை விமானியைப் பத்தினது. கருவியைப் பத்தினது இல்ல.”

“ஐயா, நீங்களே இப்ப பார்த்தீங்க.”

“பார்த்தேன். பார்த்ததை எழுத இடம் வேணுமே. எனக்குக் குடுத்திருக்கிறது மூணு கட்டம். விமானி, விமானம், வானிலை. விமானத்துல கோளாறு இல்ல. வானிலை மேல வழக்குப் போட முடியாது. மிச்சம் நீங்கதான்.”

“தண்ணி பாட்டிலுக்குக் கட்டம் இல்லையா?”

“இல்லம்மா.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கும் கட்டம் இல்லை. “ஒரே வரி. தவறு முழுவதும் என்னுடையதுன்னு சொல்லுங்க. லைசென்ஸ் இங்கேயே இருக்கு. வாங்கிட்டுப் போங்க.”

கதவோரம் நின்ற மாமா தலையை மெல்ல ஆட்டினார், சொல்லிவிடு சொல்லிவிடு என்று. அக்காள் எழுந்தாள்.

“என் தப்பு உண்டுங்க. என் கண்ணு போகாதேன்னு சொல்லுச்சு. நான் திரையைக் கேட்டேன். இவங்களுக்குக் காறை எலும்பு உடைஞ்சுது. அது என் பாதி. யாரும் சொல்லாமலே எடுத்துக்கிறேன். மறுபாதி அந்தச் சொல்லோடது. அதை யார் பேர்ல எழுதப் போறீங்க?”

“பாதி பாதியா எழுத முடியாதும்மா.”

“அப்போ முழுசையும் நான் சொல்ல மாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்றீங்களா?”

“அதைத்தவிர வேற வேலையே இல்லைங்க எனக்கு.”

தலைவர் பெருமூச்சு விட்டார். எழுத்தரின் பேனா நகர்ந்தது. மறு உத்தரவு வரும்வரை அவள் பறக்கக்கூடாது. மறு உத்தரவு எப்போது வரும் என்று அவள் கேட்டாள். அதற்கு மட்டும் யாரும் ‘இப்போது’ என்று சொல்லவில்லை.

கொட்டகைக்கு அவள் நடந்தே வந்தாள். செவிலியும் கூடவே வந்தாள். பிற்பகல் விமானத்தில் அவள் ஊர் திரும்ப வேண்டும். நல்ல கையில் மறுபடி ஒரு மருந்துப்பெட்டி. மாமா காரில் முன்னால் போய்விட்டார். போகும்போது மருமகளைப் பார்க்கவில்லை.

தம்பி விமானி இருக்கையில் உட்கார்ந்து வாரைத் தொடையில் இறுக்கிக்கொண்டிருந்தான். அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“சொல்லலையா?”

“இல்ல.”

“நினைச்சேன்.” அவன் டேப்லெட்டை வெறுமனே துடைத்தான். “அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் தலை குடுக்க மாட்டேன்.”

அவள் செவிலியிடம் திரும்பி, “ஒட்டுற நாடா இருக்குமா?” என்று கேட்டாள். செவிலிகளின் பையில் அது இல்லாமல் இருக்குமா? கட்டுப்போடும் வெள்ளை நாடாவை அவளே பல்லால் கிழித்துக் கொடுத்தாள். அக்காள் அதில் பேனாவால் ‘அ’ என்று எழுதி, தம்பியின் திரை மூலையில், ‘இ’ இருந்த இடத்தில் ஒட்டினாள்.

அப்போது.

“என்னக்கா, பிழைதிருத்தமா?”

“ஆமா. பறந்து முடிக்கிறவரைக்கும் எடுக்காதே.”

அவன் சிரித்தான், ஆனால் எடுக்கவில்லை. எடுத்தவர் மாமா. கண்ணாடி அறையிலிருந்து விறுவிறுவென்று வந்து, கதவு வழியாகக் கைநீட்டி, நகத்தால் சுரண்டி உரித்தார்.

“கம்பெனி சாமான்ல கிறுக்காதீங்க. அவங்க ஆள் இன்னும் இங்கதான் இருக்கார். ஒருத்தர் வேலைக்கு உலை வச்சது போதும்.” நாடாவை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “டேய், கிளம்பு. நேரமாச்சு.”

தம்பி யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்தான். போகவேண்டிய பாதை வெள்ளையாகக் கிடந்தது. சிவப்பு எங்கோ ஓரத்தில். மூலையில் மறுபடி பச்சை. அவன் கை இயந்திரச் சாவிக்குப் போயிற்று. அக்காள் வெளியே நின்றாள். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் தரையில் நிற்கிறவளின் சொல் இனி அங்கே செல்லாது. லைசென்ஸ் இல்லாத வாய்.

செவிலி விமானத்தில் ஏறி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் வாரைப் பூட்டிக்கொண்டாள். பூட்டியபின் பக்கத்தில் குனிந்தாள்.

“தம்பி, இந்தப் படத்துல இருக்கிற மழையைப் பார்த்தது எப்ப?”

“இப்ப வந்த படங்க.”

“வந்தது இப்ப. பார்த்தது எப்ப?”

தம்பி திரையின் நாலு மூலையிலும் தேடினான். கையேட்டைப் பார்த்தாலும் தெரியாது. பார்த்த நேரம் படத்தில் இல்லை. அவன் மெதுவாகச் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

“தெரியலீங்க” என்றான்.

“தெரிஞ்சுக்கிட்டுப் போகலாமே. எனக்கு இன்னொரு தோள்தான் மிச்சம்.”

“என்னம்மா இது, பஸ் பிடிச்ச மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு” என்றார் மாமா. “பேசஞ்சர் கேட்டா விமானம் நிக்குமா?”

“நிக்குது மாமா” என்றான் தம்பி. அவன் ரேடியோவை எடுத்தான். வெகுநாளாகக் கூப்பிடாத வானிலை அலுவலகத்தைக் கூப்பிட்டான். மறுமுனையில் ஒரு குரல் ஆச்சரியப்பட்டது. பிறகு தாளைப் புரட்டிற்று. பிறகு சொன்னது: மழை குன்றுகளைத் தாண்டி அவன் பாதைக்கு வந்துகொண்டிருக்கிறது, கிளம்ப வேண்டாம், கொஞ்சம் பொறுத்துக் கேள்.

திரை அதன்பிறகும் வெள்ளையாகவே இருந்தது. மாமா அதை ஒருமுறை சுட்டிக்காட்டினார். பிறகு கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். தம்பி இறங்கிவந்து இறக்கையின் நிழலில் தரையில் உட்கார்ந்தான். அக்காளும் உட்கார்ந்தாள். செவிலி இறங்கவில்லை, பெட்டியோடு இருக்கையிலேயே தலைசாய்த்துக் கண்மூடினாள். மூவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தொலைவில் இடி கேட்டது.

இதை வெற்றி என்று எழுதினால் என் பேனா கூசும். அக்காளின் லைசென்ஸ் திரும்பவில்லை. அவள் இன்று கொட்டகையில் சீட்டுக் கிழிக்கிறாள். மாமா பெரிய மனசு பண்ணிக் கொடுத்த வேலை. கருவி நிறுவனம் தன் திரையைப் புதுப்பித்தது. “பயனாளர்களின் கருத்துக்கு மதிப்பளித்து” என்று அறிவித்து, ‘இப்போது’ என்ற சொல்லை இன்னும் பெரிய எழுத்தில், கண்சிமிட்டும்படி வைத்தது. விசாரணைத் தாளின் மூன்று கட்டம் இன்றும் மூன்று கட்டமே. விளம்பரத்தில் மட்டும் அக்காளின் முகத்தை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விமானியின் வாதம் தோற்றது. வெயிலே வந்து சாட்சி சொன்னதும் தோற்றது. விமானத்தை நிறுத்தியது, தோள் உடைந்த ஒரு பயணியின் கேள்வி. ஏன்? விமானியை விதியால் மிரட்டலாம், லைசென்ஸால் வாயடைக்கலாம். சீட்டு வாங்கிய பயணியை எந்தக் கட்டத்தில் அடைப்பார்கள்?

ஆகவே, சாட்சிக்கூண்டில் ஏறியவரே, சும்மா இறங்கிப் போகாதீர்கள். கூண்டில் நின்றவருக்குக் கடமை உண்டு. நாளை நீங்களோ உங்கள் பிள்ளையோ ஒரு சிறு விமானத்தில் ஏறினால், வார் பூட்டுமுன் அந்தத் திரையைக் காட்டிக் கேளுங்கள்: “இந்த மழையைப் பார்த்தது எப்போது?” வந்த நேரத்தைச் சொன்னால் ஏற்காதீர்கள், பார்த்த நேரத்தைக் கேளுங்கள். கருவி விற்கிறவருக்கு எழுதுங்கள்: படத்தின் வயதை, மேகத்தைக் கண்ட நொடியிலிருந்து எண்ணித் திரையில் போடு என்று. விதி எழுதுகிறவருக்கு எழுதுங்கள்: விமானியின் தொடையில் கட்டியது எதுவோ அதுவும் விமானம்தான், நாலாவது கட்டம் போடு என்று. முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நேரமாகிறது என்பார்கள், ஆகட்டும்.

கேளுங்கள். பதில் தெரியாது என்றால், இறங்கி நில்லுங்கள்.